குறுக்கே நீட்டிய கால்

காலைத் தாண்ட வேண்டாம் தம்பி. ஒரு வார்த்தை சொல்லுங்கள், மடக்கிக்கொள்கிறேன். முட்டி வீங்கிப்போய் எதிர் சீட்டில் நீட்டி வைத்திருக்கிறேன். டீ விற்கிறவன்கூட நின்று, தலையை அசைத்து, நான் மடக்கிய பிறகுதான் போகிறான். மனிதனைத் தாண்டிப் போகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. நேபாளத்தில் சுத்தமாக இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், உட்காருங்கள்.

ஈரோடா? நல்லதாகப் போயிற்று. கோரக்பூரில் ஏறியதிலிருந்து தமிழில் பேச எனக்கு ஆள் இல்லை. மேல் பெர்த்தில் படுத்திருப்பது என் மகள்தான். ஆனால் அவள் பேசுவதில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விழித்துத்தான் கிடக்கிறாள். நான் சொல்வது அவளுக்கும் கேட்கும். கேட்கட்டும். கோயம்புத்தூர் வருவதற்குள் பேசிவிடுவாள். நான் பார்க்காத மௌனமா? மில் நிர்வாகம் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்துதானே தீர வேண்டியிருந்தது.

என் பெயர் மயில்சாமி. சிங்காநல்லூர்ப் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய ஆட்கள் மிச்சம் இருந்தால். மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் சைடு பார்த்தவன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் சங்க அலுவலகத்தில் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய நோட்டீசிலும் சிறு பிரசுரத்திலும்தான். கூலி என்றால் என்ன, லாபம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் வக்கீலுக்கே நான் பாடம் எடுத்திருக்கிறேன். பஞ்சு லாரி உள்ளே போகக்கூடாது என்று கேட்டுக்குக் குறுக்கே படுத்தேன், லாரி நின்றது. போலீஸ் நின்றது. அந்தக் கேட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே நாய்க்கு முடி வெட்டுகிற கடை. ஆமாம், நாய்க்கு. சிரியுங்கள், பரவாயில்லை. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

மகள் பெயர் வாலண்டினா. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர். சங்கத்தில் கூடிப் பேசி வைத்தோம். சென்னையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளைகள் 'டினா மிஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். கல்யாணம் வேண்டாமென்றுவிட்டாள். அவள் அம்மா போன வருஷம் தவறிய பிறகு நான் சிங்காநல்லூர் வீட்டில் ஒற்றை ஆள். அப்போதுதான் ஒரு நாள் போனில் சொன்னாள்.

"அப்பா, கோடை லீவுல நான் இமயமலைக்குப் போறேன். நீங்களும் வாங்க. ஒத்தையில உக்காந்து சுவத்தைப் பாத்துட்டுக் கெடக்காதீங்க."

"எனக்கெதுக்கு கண்ணு மலையும் மண்ணும்?"

"போயிட்டு வந்து நான் கோயம்புத்தூருக்கே மாத்தல் கேக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கலாம். அதுக்கு முன்னாடி இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்."

மாற்றல் கேட்கிறேன் என்றாளே, அது போதும் எனக்கு. சரி என்றேன். அன்னபூர்ணா அடிவார முகாம் என்றாள். அடிவாரத்துக்குப் போகவா இத்தனை நாள் நடக்க வேண்டும் என்று கேட்டேன். "நம்ம மருதமலையை ஏழெட்டு அடுக்கினா வர்ற உசரம்ப்பா அந்த அடிவாரம்" என்றாள். அப்படிச் சிரித்துப் பேசுகிறவள்தான் அவள். இப்போது இப்படிக் கிடக்கிறாள்.

அவளுக்கு ஏன் அது மட்டும் வேண்டும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தாள். மலையேறப் பயிற்சிக்கென்று வடக்கே ஒரு முகாம். ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். போக வரச் செலவு, பூட்ஸ், கம்பளி எல்லாவற்றுக்கும் சேர்த்து மில் நிர்வாகம் ஒரு செக் கொடுத்தது. தொழிலாளி மகளுக்கு ஊக்கத்தொகையாம். எந்த நேரத்தில்? நாங்கள் ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுத்திருந்த நேரத்தில். புரிகிறதல்லவா? நான் அந்த செக்கை கேட் மீட்டிங்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். மைக்கின் முன்னால் நின்று கிழித்தேன். அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் இருக்கிறது. வாலண்டினா என்.சி.சி. உடுப்போடு கூட்டத்தில் நின்றிருந்தாள். அவளும் தட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் தட்டினார்கள்.

அதை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லிக் காட்டியதில்லை. அப்படி வளர்த்திருக்கிறேன்.

சரி, மலைக்கு வருகிறேன். மலைக்குக் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியின் மலிவு ஏற்பாடு. விமானமெல்லாம் இல்லை. ரயில், எல்லையில் பஸ், போக்கராவிலிருந்து ஜீப், அப்புறம் நடை. எங்கள் குழுவில் திருப்பூரிலிருந்து ஒரு இளம் ஜோடி, இன்சூரன்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சேஷாத்ரி என்று ஒருவர், நாங்கள் இரண்டு பேர். கூட்டிக்கொண்டு போகிற கைடு பெயர் தேஜ். நல்ல பையன், ஆனால் நிர்வாகத்தின் ஆள். எனக்கு இந்தி தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாதென்று இருந்தவன். அதனால் நான் சொல்வதை வாலண்டினா அவனுக்குச் சொல்வாள், அவன் சொல்வதை எனக்குச் சொல்வாள்.

கம்பெனி நோட்டீசில் என்ன போட்டிருந்தது என்றால், சுமை தூக்க இரண்டு ஆள். நோட்டீஸ் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வந்தது ஒரே ஆள். லோக் பகதூர் என்று பெயர். இன்னொருவனுக்குக் காய்ச்சலாம். அடுத்த ஊரில் ஆள் சேர்ந்துகொள்வான் என்றான் தேஜ். அடுத்த ஊரில் கேட்டேன், நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். தம்பி, இந்த 'நாளைக்கு' என்கிற வார்த்தையோடு குடும்பம் நடத்தியவன் நான்.

லோக் எல்லாப் பையையும் ஒன்றாகக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுவான். முதுகு தூக்குகிறதா, தலை தூக்குகிறதா என்றே தெரியாது. கல்படிக்கட்டு வானத்துக்குப் போகிற மாதிரி போகும். நான் வெறும் கையை வீசிக்கொண்டு மூச்சு வாங்க, அவன் என் கம்பளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போவான். கடக்கும்போது சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு ஆள் வேலைக்கு ரெண்டு ஆள் கேளுன்னு அவன்கிட்டச் சொல்லு கண்ணு" என்றேன்.

அவள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "ரெண்டு ஆள் சுமைக்கு ரெண்டு ஆள் கூலி அவருக்கே வருதாம்ப்பா. வேற ஆள் வேண்டாங்கறாரு. வீட்டுல ஏதோ தேவை இருக்குதாம்."

பார்த்தீர்களா? சுரண்டப்படுகிறவனுக்குத் தான் சுரண்டப்படுவது தெரியாது. எங்கள் மில்லிலும் ஓவர்டைமுக்கு அலைந்தவர்கள் இப்படித்தான் பேசினார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நாங்கள் போராடினோம், அவர்களை மீறி.

தேவ்ராலி என்று ஒரு இடம். ஊர் கிடையாது, கல்லால் கட்டிய சில விடுதிகள் மட்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் பாதாளத்தில் ஆறு. அங்கிருந்து மேலே போனால் மறுநாள் அடிவார முகாம். ஆனால் நடுவில் ஒரு சரிவு உண்டு. வெயில் ஏறினால் மேலேயிருந்து பனி கொட்டுகிற சரிவு. விடியும்போதே கிளம்பி, வெயில் விழுவதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும் என்று தேஜ் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னான். வாலண்டினா அன்றைக்குச் சாப்பிடவேயில்லை, அவ்வளவு சந்தோஷம். பூட்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாப்பாட்டிலேயே நான் முறைப்படி அறிவிப்பு கொடுத்தேன். இரண்டாவது ஆள் வராமல் காலையில் குழு நகராது. வாலண்டினா என்னையே பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு வேண்டாம்ப்பா. திரும்பி வரும்போது பேசிக்கலாம்."

"திரும்பி வரும்போது கைடுக்கு என்ன நட்டம்? வலிக்கிற எடத்துலதான் அடிக்கோணும். சொல்லு."

சொன்னாள். நான் பேசினதைவிட வார்த்தை குறைந்த மாதிரி இருந்தது. தேஜ் சிரித்துக்கொண்டே "ஓகே அங்கிள்" என்றான். அறிவிப்பு கிடைத்ததென்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது என்றுதானே அதற்கு அர்த்தம்?

விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். விடுதியைச் சுற்றி ஆள் உயரக் கல்வேலி. வெளியே போக நடுவில் ஓராள் நுழைகிற இடைவெளி. அங்கே விடுதிக் கம்பளியை விரித்துக் குறுக்கே படுத்தேன். அந்தத் தரையின் குளிர்தான் தம்பி இந்த முட்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் படுத்ததும் என் உடம்பு வயசை மறந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று ஒரு வாசலுக்குக் குறுக்கே படுத்து.

தேஜ் வந்தான். பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான். அவர்கள் வழக்கத்தில் படுத்திருக்கிற மனிதனைத் தாண்டினால் பெரிய பாவம், அதிலும் அப்பன் வயசுக்காரனை. தூக்கி ஓரமாக வைக்கவும் அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கு அந்த வழக்கம் தெரிந்துதான் படுத்தேன். வழியில் ஒரு விடுதியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஒரு கிழவர் நான் மடக்கும்வரை நின்றதைப் பார்த்து வைத்திருந்தேன்.

சேஷாத்ரி கத்தினார். "சார், இது மலை. உங்க மில் இல்ல."

"மலைக்கும் முதலாளி உண்டுங்க" என்றேன்.

"பனி கொட்டும்கறான், உங்ககூடப் படுத்துப் பேச்சுவார்த்தை நடத்துமா அது?" நக்கல் பேசத் தெரிந்தவர். ஆனால் அவரும் தாண்டவில்லை. திருப்பூர்ப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். புருஷன்காரன் போனில் என்னைப் படம் பிடித்தான்.

அப்புறம் வாலண்டினா வந்தாள். தோளில் சின்னப் பை, கையில் குச்சி, தலையில் குல்லாய். என் இடுப்புப் பக்கம் வந்து நின்றாள். வெளிச்சம் லேசாக வந்திருந்தது. அவளுக்குப் பின்னால் அந்த மலை. அதை மீன்வால் மலை என்கிறார்கள், வாலைத் தூக்கி நிறுத்திய மாதிரி வெள்ளையாக.

"அப்பா, எந்திரிங்கப்பா."

"கோரிக்கை நெறவேறட்டும், எந்திரிக்கறேன்."

"அப்பா."

"தாண்டறதுன்னா தாண்டிப் போ கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காலைத் தூக்கினாள். தூக்கினாள் தம்பி, நான் பார்த்தேன். பூட்ஸின் அடிப்பாகம் என் வயிற்றுக்கு மேலே நின்றது. புது பூட்ஸ், அடியில் கொஞ்சம் ஈரமண். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. பிறகு காலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். திரும்பிப் போய் விடுதிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரே துரோகம் செய்த காலத்தில் என் மகள் மறியலைத் தாண்டவில்லை. சங்கத்தில் எத்தனை பேரைப் பயிற்றுவித்தேன், அத்தனை பேரும் கடைசியில் தாண்டிப் போனவர்கள்தான். இவள் தாண்டவில்லை.

கம்பெனி அலுவலகம் திறந்த பிறகு விடுதிக்காரர் போனில் போக்கராவைப் பிடித்தார்கள். படுத்தபடியே பேசினேன். நான் சொல்லச் சொல்ல வாலண்டினா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் சொன்னாள். பாதிக்கப்பட்ட தொழிலாளி யார் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"பேரு வேண்டாம்ப்பா" என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"பேரில்லாத கோரிக்கை மொட்டைக் கடுதாசி கண்ணு. சொல்லு. லோக் பகதூர்."

சொன்னாள்.

அதற்குள் வெயில் விழுந்துவிட்டது. தேஜ் முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கோபமே இல்லை. கையை நீட்டித் தூரத்துச் சரிவைக் காட்டினான். வெள்ளைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி, முதுகு பெருத்து, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. லோக். எங்கள் எல்லோருடைய பையோடும். சுமைக்காரர்கள் எப்போதுமே இருட்டோடு இருட்டாக முன்னால் கிளம்பிவிடுவார்களாம். நான் கம்பளி விரிப்பதற்கு முன்பே போய்விட்டிருக்கிறான்.

"யாருக்காகப் படுத்தீங்களோ அவன் போய்ச் சேந்துட்டான் சார்" என்றார் சேஷாத்ரி.

"கருங்காலி" என்றேன் நான். ஆமாம், சொன்னேன். போராட்டம் நடக்கும்போது வேலைக்குப் போகிறவனுக்கு வேறு பெயர் எந்த நோட்டீசிலும் நான் படித்ததில்லை.

மத்தியானம் பனி பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. வழி மூடிவிட்டது. மலிவு ஏற்பாட்டில் உபரி நாள் கிடையாது. கெட்ட நாளுக்கென்று ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் அதற்கும் காசு. ஆக, இறங்க வேண்டியதுதான். வாலண்டினா விடுதிச் சன்னலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. லோக் வந்தால்தான் பைகள் வரும் என்பதால் காத்திருந்தோம். பனி விட்டதும் வந்தான், அந்தச் சரிவு வழியாகவே. உதடெல்லாம் வெடித்து, கண் சிவந்து. பைகளை இறக்கி வைத்தான். தேஜ் அவனிடம் ஏதோ சொன்னான். அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருந்தது. விருந்தாளிகளிடம் புகார் சொல்கிற ஆள் கம்பெனிக்கு வேண்டாமாம். அன்றோடு லோக் பகதூருக்குச் சீட்டுக் கிழிந்தது.

பழிவாங்கல். எதிர்பார்த்ததுதான். எந்தப் போராட்டத்துக்கும் ஒரு பலி உண்டு. ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். அடுத்த குழுவிலிருந்து இரண்டு ஆள் கட்டாயம் அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வாய்ச்சொல்தான், எழுத்தில் இல்லை. இருந்தாலும் வெற்றி வெற்றிதானே. என் கணக்கில் அது வெற்றி.

லோக்கிடம் கை கொடுக்கப் போனேன். அவன் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. வாலண்டினாவிடம் திரும்பி ஒன்று சொன்னான். நீளமாக இல்லை, ஒரே வாக்கியம். பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

"என்ன சொன்னான் கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அப்புறம் படிக்கட்டு, ஜீப், பஸ், எல்லை, ரயில். என் மாத்திரையை வேளைக்கு எடுத்து வைக்கிறாள். தண்ணீர் வைக்கிறாள். பேசுவதில்லை. நான் கழிவறைக்குப் போகும்போது பார்த்து இறங்குகிறாள், நான் வருவதற்குள் ஏறிவிடுகிறாள்.

நான் லோக் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதி மனசில் வைத்திருக்கிறேன். ஊர் போனதும் அடிக்க வேண்டும். ஆனால் எங்கே அடிப்பது? எங்கள் அச்சகம் போய்விட்டது. இப்போது எல்லாம் பிளக்ஸ். பிளக்ஸில் ஒரு முகமும் இரண்டு வணக்கமும் போடலாம், வாதம் போட முடியுமா? போட்டாலும் யார் படிப்பது. சங்க அலுவலகத்தைத் திறந்து வைத்தால் தபால்காரன்கூட வருவதில்லை. எனக்குத் தெரியும் தம்பி. இனி யாரும் வரப்போவதில்லை. இவள் ஒருத்திதான் மிச்சம்.

அதனால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன், மெதுவாகச் சொல்கிறேன். முட்டிக்காக மட்டும் இந்தக் காலை நீட்டவில்லை. நான் விழித்திருக்கும்போது அவள் இறங்க வேண்டி வந்தால் என்னிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். "அப்பா, காலை எடுங்க." அது போதும். ஒரு வார்த்தை வந்துவிட்டால் பின்னாலேயே மற்றது வரும். பேச்சுவார்த்தை அப்படித்தான் தொடங்கும்.

விஜயவாடாவா? நல்ல ஸ்டேஷன். கொஞ்ச நேரம் நிற்கும். பாருங்கள், அசைகிறாள். இறங்குகிறாள். நான் சொன்னேன் அல்லவா? நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள்.

என்ன கண்ணு, தண்ணி புடிக்கவா? பையெதுக்கு? வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன். காலை எடுக்கோணுமா? சொல்லு, எடுக்கறேன். சொல்லு கண்ணு.

தாண்டிவிட்டாள்.

பார்த்தீர்களா தம்பி? பூட்ஸ் கால்தான். முட்டியில் படாமல், கவனமாகத்தான் தாண்டினாள். அவசரமாக இருக்கும். இந்த ஸ்டேஷனில் தண்ணீர்க் குழாய் அந்தக் கோடியில் இருக்கிறது, கூட்டம் வேறு. பையைக் கையோடு எடுத்துப் போவது நல்லதுதான், வண்டியில் யாரை நம்புவது. மாத்திரை டப்பாவை என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பாருங்கள், அடுத்த வேளைக்கும் சேர்த்து எடுத்து வைத்து.

வண்டி நகர்கிறதா? நீங்கள் சன்னல் பக்கம் இருக்கிறீர்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பச்சைச் சட்டை, முதுகில் பை. வேறு பெட்டியில் ஏறியிருப்பாள். உள்ளே நடந்து வருவாள், நேரம் ஆகும்.

இருங்கள், காலை மடக்கிக்கொள்கிறேன். வருகிறவளுக்கு வழி வேண்டும்.